பந்தல் உலுக்கிக்கு வந்த மரியாதை

இதை எனக்கு முதலில் சொன்னது ஜெபஷீலா. ஐப்பசி பிறந்த அன்று, ஜெபமாலை முடிந்து கோயில் படி இறங்கும்போது சொன்னாள். பொய் பேசுகிறவள் இல்லை.

எங்கள் ராயப்பன்பட்டியில் திராட்சை பழுக்கும்போது மழை பெய்தால், பந்தல் கம்பியை உடனே உலுக்கிவிட வேண்டும். குலையில் தண்ணீர் நின்றால் பழம் வெடித்துவிடும். அவள் பக்கத்துத் தோட்டக்காரர் கர்ணன், பழைய கிரைண்டர் மோட்டாரைக் கம்பியோடு பூட்டினார். சுவிட்சைப் போட்டால் பந்தலே தண்ணீரை உதறிக்கொள்ளும்.

அதோடு விட்டிருக்கலாம். யாரோ படம் எடுத்துப் போட, பல்கலைக்கழகப் புத்தாக்க மையத்திலிருந்து டாக்டர் வைகுண்டராஜ் காரில் வந்து இறங்கினார்.

"வளரும் நாடுகளில் புத்தாக்கத்தை முன்னெடுப்பதே எங்கள் பணி. இது ஏன் ஆடுது?"

"மோட்டார் ஓடுது, ஆடுது சார்."

"அது அனுபவம். எங்களுக்குக் காரணம் வேணும். கொண்டுபோய் ஆராயணும்."

"மழைக்கு முன்னாடி தந்துருவீகளா?"

"மழைக்கு முன்னாடி எப்படி? மழையிலதானே சோதிக்கணும்!"

மோட்டார் போனது. மழை வந்தது. கர்ணன் போனில் கெஞ்சினார்.

"சார், இங்கன கொட்டுது. மோட்டாரைக் குடுங்க."

"அங்கன பெஞ்சு என்னங்க? எங்க வளாகத்துல இன்னும் பெய்யலையே!"

தோட்ட வேலைக்கு வரும் சங்கிலியம்மாளும் பத்துப் பெண்களும் ஓடிப்போய்க் கையாலேயே உலுக்கினார்கள். மாதா புண்ணியத்தில் பாதிக் குலை பிழைத்தது.

மறுநாளும் மழை. பந்தலை அளவெடுக்க வந்த வைகுண்டராஜ், பெண்கள் உலுக்குவதைப் பார்த்து அசந்துபோனார்.

"கரண்டே இல்லை, சத்தமும் இல்லை! இதுதான் புத்தாக்கம்!"

"இதை எங்க ஆத்தா காலத்துலயே செஞ்சாக சார்," என்றாள் சங்கிலியம்மாள்.

"எழுத்துல ஆதாரம் இருக்கா?"

இல்லை. ஆகவே அது புதுசு என்று முடிவானது. மோட்டாரை 'காலாவதியான தொழில்நுட்பம்' என்று எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விழா, பொன்னாடை, சான்றிதழ்.

போன செவ்வாய்க்கிழமை விழா. இரண்டு பஸ் அனுப்பினார்கள். ஊரே ஏறிப் போனது, கர்ணனும்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். நாங்கள் அங்கே தட்டத் தட்ட, இங்கே மழை கொட்டியிருக்கிறது. உலுக்க ஊரில் ஒரு கை இல்லை. பிழைத்த குலைகளும் வெடித்தன.

ஓரத்தில் நாலு வரிசை மட்டும் தப்பியிருக்கிறது. மேகமலைப் பக்கம் மறுபடி கறுத்து வருகிறது. படிக்கிற இதை அங்கன வைத்துவிட்டு, வந்து ஒரு கம்பியைப் பிடியுங்களேன்.