பஞ்சநதத்தின் குதிகால் சாஸ்திரம்

மனிதர்களை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் பழைய காலத்து ஆள். நம் ஊர்களில் இப்போது வேறோர் இனம் பெருகி வருகிறது. அது எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்காது, காலைப் பார்க்கும். காலையும் முழுதாகப் பார்க்காது; குதிகாலுக்குக் கீழே செருப்போ ஷூவோ எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கும். பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் ஒரு தொல்லையும் இல்லை. போகாது. நின்று, உதட்டைப் பிதுக்கி, உங்கள் முழங்கால் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் நகரும். இந்த இனத்துக்குக் குதிகால் நிபுணர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எங்கே பார்க்கலாம்? விடியற்காலையில் நாலு பேர் நடக்கப் போகிற எந்த ஆற்றங்கரையிலும் பார்க்கலாம். கல்யாண மண்டபத்தில் ஊரே பந்திக்கு ஓடும்போது, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் குனிந்து நிற்கிறாரா? திருடன் என்று சத்தம் போட்டுவிடாதீர்கள். அவர் எதையும் எடுக்க மாட்டார், திருப்பி மட்டும் வைப்பார். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இடுப்புவலி இருக்கிறது என்பது அந்தச் சித்தப்பாவுக்கே தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்துவிடும்.

நல்ல ரகமாக ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் நீடாமங்கலத்துக்கு வாருங்கள். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறாரே பஞ்சநதம், அவரேதான்.

"அண்ணே, யூரியா வந்துருச்சா?"

"வந்துருச்சு. மொதல்ல அந்தச் செருப்பைக் கழட்டு, பார்ப்போம்."

வந்தவர் தயங்குவார். தயங்கினாலும் கழற்றிவிடுவார், பயிர் காத்திருக்கிறதே, என்ன செய்வது? பஞ்சநதம் செருப்பைத் திருப்பி, கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு. "வெளிப்பக்கமா மிதிக்கிறப்பா. குதி சாயுது. இப்படியே போனா மாடிப்படி ஏற முடியாது." வந்தவர் வீட்டில் மாடியே கிடையாது. ஆனாலும் அன்று முழுக்க வரப்பில் அவர் நடக்கும் நடை ஒரு தினுசாகத்தான் இருக்கும்.

ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டாலோ பஞ்சநதத்துக்குத் திருவிழா. கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஸ்ஸும் லாரியும் மோட்டார் சைக்கிளுமாக ஊர் நிற்கும். எல்லோரும் ரயில் வருகிற திக்கைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வண்டிக்கு வண்டி குனிந்து, ஊன்றிய கால்களைப் பார்த்துக்கொண்டே போவார். ஓட முடியாத கூட்டம் ஒரு நிபுணருக்கு வேறு எங்கே கிடைக்கும்?

இந்த வியாதி அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஒரு சமயம் குதிகாலில் வலி வந்தது. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஷூ கடைக்குப் போனார். அங்கே ஒரு கண்ணாடிப் பலகையில் அவரை நிற்கவைத்து, திரையில் அவருடைய பாதத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டி, "சார், உங்க கால் உள்பக்கம் சாயுது" என்றார் விற்பனையாளர். ஐம்பது வருஷமாகத் தான் நேராக நிற்பதாக நம்பிக்கொண்டிருந்த மனிதரிடம் சொல்கிற பேச்சா இது? அவர் சொன்ன ஷூவை வாங்கினார். வலி போய்விட்டது. சாதாரண மனிதராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். பஞ்சநதம் வீட்டுக்கு வந்து, வலியைப் போக்கிய அந்தப் புது ஷூவை அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

அன்றிலிருந்து சாஸ்திரம் ஆரம்பம்.

"இதப் பாருங்க. ஷூவோட அடிப்பாகத்துக்கு ரெண்டே வேலைதான்" என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். "குதி தரையில விழும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கணும். விழுந்த காலு ஆடாமப் பிடிச்சுக்கணும். மெத்துன்னு வச்சா காலு ஆடுது. கெட்டியா வச்சா முழங்காலு போச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குங்க சூட்சுமம்."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது சரி. ஷூ செய்கிற பெரிய ஆட்களும் இதே இழுபறியில்தான் கிடக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் மனைவியின் சோபாவிலிருந்து ஸ்பாஞ்சை வெட்டி எடுப்பதில்லை. பஞ்சநதம் எடுத்தார். ஸ்பாஞ்சு வைத்த ஷூ போட்டு நடந்தபோது பரிசலில் நிற்கிற மாதிரி ஆடினார். பட்டுக்கோட்டையிலிருந்து தென்னை நார் வரவழைத்து அடைத்தார். அது செங்கல்லில் நடக்கிற மாதிரி இருந்தது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மைத்துனர் செந்தில்குமார் வாசலில் கழற்றி வைத்த ஷூவும் ஆராய்ச்சிக்குப் போயிற்று. அந்த மனிதர் விமானத்தில் ரப்பர் செருப்போடு திரும்பிப் போனார். "அத்தான் நல்லவருதான்க்கா. அவரு கையில கத்தி இல்லாதப்ப" என்று அக்கா மேகலாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இதெல்லாம் தமாஷாக இருந்தது, குந்தவை ஓட ஆரம்பிக்கும் வரைக்கும்.

குந்தவை பஞ்சநதத்தின் ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. நீண்ட தூர ஓட்டம் அவளுக்கு நன்றாக வந்தது. திருவாரூரில் மாவட்டப் போட்டி. அதில் முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலத்தில் ஓடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் இடம் கேட்கலாம். மார்க்கை நம்பினால் அந்த இடம் கிடைக்காது என்பது குந்தவைக்குத் தெரியும், மேகலாவுக்குத் தெரியும், குந்தவையின் கணக்கு டீச்சருக்கு மிக நன்றாகவே தெரியும். ஆகவே எல்லாம் அந்த ஓட்டத்தில் இருந்தது. சிங்கப்பூர் மாமா அவளுக்கென்று நீல நிறத்தில் அருமையான ஓட்டக்கார ஷூ ஒன்று அனுப்பிவைத்தார்.

பஞ்சநதம் அந்த ஷூவைக் கையில் எடுத்தார். அமுக்கினார். வளைத்தார். "பரவாயில்ல" என்றார். இந்த இனம் "பரவாயில்ல" என்று சொன்னால் கத்தியைத் தேடுகிறது என்று அர்த்தம்.

அந்தச் சமயம் பார்த்து அவருக்கு ஞானோதயமும் ஆகியிருந்தது. குறுவை அறுவடை முடிந்து, களத்தில் நெல் குவிந்து கிடந்தது. குவியலின் மேல் ஏறி நின்றார். கால் கொஞ்சம் உள்ளே போயிற்று. அப்புறம் போகவில்லை. நெல் நாலாபக்கமும் நகர்ந்து வந்து குதியைக் கவ்விக்கொண்டது. தாங்கவும் தாங்கியது, ஆடாமலும் பிடித்தது! இத்தனை நாளாகத் தேடிய நடுவிடம் தன் களத்திலேயே கொட்டிக் கிடக்கிறதே என்று அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது.

சாதா நெல் போதாதென்று, அடுத்த போகமான தாளடிக்கு வைத்திருந்த விதைநெல்லில் கைவைத்தார். அதுதான் பதர் இல்லாமல் முற்றின மணியாம். உரச்சாக்கை வெட்டி, மேகலாவின் தையல் மெஷினில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, நெல்லை நிரப்பி, நீல ஷூவின் குதிகால் பக்கத்தைக் குடைந்து உள்ளே வைத்து ஒட்டினார்.

"என்னங்க இது அநியாயம்? விதைநெல்லைப் போயி காலுக்கடியில வப்பாங்களா?" என்று மேகலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"களத்துல மிதிக்கலையா? அது மாதிரிதான்."

"களத்துல வெறுங்காலோட மிதிப்போம். தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம்."

பஞ்சநதம் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குமேல் மேகலா என்ன பேசுவாள்? குந்தவை ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு, கொல்லையில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள்.

போட்டியன்று பஞ்சநதம் கடையைப் பூட்டிவிட்டுத் திருவாரூர் போனார். துப்பாக்கி வெடித்ததிலிருந்து அவர் மகளின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நீல ஷூவின் குதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "பாருங்க, ஆடுதா? ஆடலைல்ல? தாங்குது பாருங்க!" என்று பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கடைசிச் சுற்றில் குந்தவை இரண்டு பேரைத் தாண்டி முதலாவதாக வந்தாள். பஞ்சநதம் குழந்தை மாதிரி அழுதார். மகளுக்காகவா, நெல்லுக்காகவா என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது.

அப்புறம் ஊரில் யாராலும் நிம்மதியாக யூரியா வாங்க முடியவில்லை. கேட் போட்டால் பஸ் ஜன்னல் வழியாகவெல்லாம் விதைநெல் கதை உள்ளே போயிற்று. "ஓடினது என்னவோ அவதான். ஓட வச்சது எதுங்கிறீங்க?" என்பார். கடைசியில் வர்த்தகர் சங்கமே அவரைக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டது. அந்த வெற்றி ஷூவையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள்.

கூட்டத்தன்று காலையில் பஞ்சநதம் ஷூவைத் தேடினார். குந்தவையின் அறையில் நீல ஷூ இருந்தது. எடுத்துக் குதியை அமுக்கினார். நெல் இல்லை. குடைந்த அடையாளமும் இல்லை. ஒட்டின தடமும் இல்லை. கம்பெனியில் செய்தபடி கத்தி படாமல் இருந்தது அடிப்பாகம். அவருக்கு ஒன்றும் புரியாமல் கொல்லைப்பக்கம் போனார். குழாயடியில், ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த ஈரச் சாக்கு ஒன்றின் கீழிருந்து நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது. சாக்கைத் தூக்கினார்.

இன்னொரு நீல ஷூ ஜோடி. இரண்டு குதிகளிலிருந்தும் நெல் முளைத்துப் பச்சைப் பசேலென்று நின்றது.

நனைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, வெதுவெதுப்பாக வைத்தால் விதைநெல் என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். போதாததற்கு உரச்சாக்குப் பை, அடியுரமும் போட்டாயிற்று. இதையெல்லாம் பத்துப் பேருக்குச் சொல்லி அனுப்புகிற உரக்கடைக்காரருக்கு, ஷூவுக்குள் வைத்தாலும் நெல் நெல்தான் என்பது மட்டும் தோன்றவில்லை.

"குந்தவை!"

குந்தவை வந்தாள். ஷூவைப் பார்த்தாள். தான் ஒளித்துவைத்தது அகப்பட்டபின் இனிமேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"மாமா ரெண்டு ஜோடி அனுப்புனாருப்பா. ஒண்ணு நான் ஓடுறதுக்கு. ஒண்ணு நீங்க வெட்டுறதுக்கு."

பஞ்சநதம் முளைத்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதுகூடப் போகட்டும். "அப்ப, என்னோடது நல்லா இருக்குன்னு சொன்னியே?" என்றார்.

"நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு" என்றாள் குந்தவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா நான் ஜெயிக்கணும்ல?"

மேகலா வந்து, பஞ்சநதத்தின் மடியிலிருந்த முளைகளைப் பக்குவமாகப் பிடுங்கி, வாய்க்கால் ஓரமாக ஊன்றப் போய்விட்டாள். ஒரு ஷூவைக் காலி செய்துவிட்டு மற்றதை எடுக்க வந்தபோது பஞ்சநதம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது.

"இரு, இரு. ஏம்மா குந்தவை, இங்க பாரு. எடது குதியில வெளிப்பக்கம் மட்டும் முளைப்பு கம்மி. நெல்லு அமுங்கிப் போயிருக்கு. நீ எடது காலைச் சாச்சு மிதிக்கிற!"

"கொல்லையில ஓடின அன்னிக்கு எடது கால்ல முள்ளு தச்சிருந்துச்சுப்பா."

மாநிலப் போட்டிக்கு மகளைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, இனி அவளுடைய ஷூ பக்கமே போவதில்லை என்று மேகலாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார் பஞ்சநதம். சத்தியத்தைக் காப்பாற்றினார். குந்தவையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் அவ்வளவு அழகாக, அவ்வளவு பயந்துபோய் இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "நிதானமா ஓடும்மா" என்றார். பஸ் நகர்ந்து, அவள் கையாட்டி மறைகிற வரைக்கும் நின்றார். பிறகு பெருமூச்சு விட்டுத் திரும்பினார். பக்கத்து பஸ்ஸின் படியில் நின்றுகொண்டிருந்த கண்டக்டரின் செருப்பு கண்ணில் பட்டது.

"தம்பி, அதைக் கொஞ்சம் கழட்டுங்க."

சிரித்தீர்கள் அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். நடுவில் ஓரிடத்தில் மெதுவாக உங்கள் செருப்பைத் திருப்பி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களே, அதைக்கூட நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு ஷூ விஷயம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை எழுதிய பேச்சுப்போட்டிக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தது யார்? மருமகள் வைத்த குழம்பில் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சிட்டிகை எதையோ போட்டது யார்? வாங்கிக்கொண்டு எல்லோரும் "ரொம்ப நல்லா இருக்கு" என்றுதானே சொன்னார்கள்?

எதற்கும் ஒருமுறை கொல்லைப்பக்கம் போய், ஏதாவது சாக்கு கிடந்தால் தூக்கிப் பாருங்கள்.