மூன்றாம் கெஞ்சல்

ராஜினாமா செய்துவிடுவது என்று ஆர்டன் க்ரூகர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவு செய்தார். அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தார். பெரிய முடிவுகள் எல்லாம் அவருக்கு வாயில் நுரையோடுதான் வரும்.

விஸ்கான்சினில் ஒரு மாவட்டத்துக்கு அவர் குடியரசுக் கட்சித் தலைவர். இருபது வருஷமாக அவர்தான். சம்பளம் கிடையாது, காரும் கிடையாது. கூட்டத்தில் தட்ட ஒரு மரச் சுத்தியல் மட்டும் உண்டு. ஆனால் மளிகைக் கடையில் நுழைந்தால் நாலு பேர் "என்ன தலைவரே" என்பார்கள். அந்த "தலைவரே" அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது.

நல்ல காலத்தில் பிரச்சினை இல்லை. ஜனாதிபதித் தேர்தல் வந்தால்தான் தலைவலி. மற்ற மாநிலங்கள் பிறக்கும்போதே கட்சியோடு பிறந்தவை. விஸ்கான்சின் மட்டும் மதில்மேல் பூனை. அதிலும் ஆர்டனின் மாவட்டம் அந்தப் பூனையின் வால் என்று டெலிவிஷனில் எவனோ சொல்லித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து வாலைப் பிடித்து இழுக்காதவர்கள் இல்லை. போன் அடிக்கிறது, கதவு தட்டுகிறார்கள். போன வாரம் ஒருவர் மாட்டுக் கொட்டகைக்கே வந்து, பால் கறந்துகொண்டிருந்த ஆர்டனிடம் பசுவின் முதுகுக்கு மேலாகத் துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். பசு அதைத் தின்றுவிட்டது. அந்த மாவட்டத்தில் அரசியலை முழுசாக ஜீரணித்தது அது ஒன்றுதான்.

இது போதாதென்று கட்சியும் இரண்டு பட்டுக் கிடந்தது. பழைய கோஷ்டிக்குத் தலைமை ஆர்டனின் பால்ய நண்பர் நார்பர்ட். வரியைக் குறை, செலவைக் குறை, குரலையும் குறை என்பது அவர்கள் கொள்கை. புதிய கோஷ்டிக்கு கோடி என்ற இளைஞன். சிகாகோ பக்கத்திலிருந்து குடிவந்தவன். வண்டியின் பின்னால் படுக்கை விரிப்பு அளவில் நாலு கொடி. குறைப்பது என்ற சொல்லே அவனுக்குப் பிடிக்காது. அவன்தான் ஆர்டனின் நாற்காலியை உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

ஆர்டன் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுக்களைக்கு வந்தார்.

"லவோன், இன்னைக்குக் கூட்டத்துல நான் ராஜினாமா பண்ணப் போறேன்."

"முட்டை ஆறுது," என்றாள் மனைவி.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. நிஜமாவா, நாடகமாவா?"

"நாடகம்னு ஏன் கொச்சையா சொல்றே? தந்திரம்னு சொல்லு. நான் எழுந்து, 'போதும்ப்பா, நான் விலகிக்கறேன்'னு சொல்லுவேன். சபை பதறும். 'வேண்டாம், போகாதீங்க'ம்பாங்க. நான் முடியாதும்பேன். மறுபடி கெஞ்சுவாங்க. மறுபடி முடியாதும்பேன். மூணாவது தடவை கெஞ்சும்போது ஒரு பெருமூச்சு விட்டு, 'சரி, உங்களுக்காக'ன்னு உட்காருவேன். அப்புறம் அந்தக் கோடிப் பய வாயைத் திறப்பானா?"

அந்த ஊரில் இது சட்டம் மாதிரி. எழுதி வைக்கவில்லையே தவிர, பைபிளுக்கு அடுத்தபடி இதைத்தான் கடைப்பிடிப்பார்கள். விருந்துக்குப் போன இடத்தில் ஆப்பிள் பை என்கிற பழப் பணியாரத்தை நீட்டினால், முதல் தடவை "ஐயோ, வேண்டாம்." இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்." மூன்றாம் தடவைதான் "சரி, சின்னத் துண்டா." முதல் தடவையே கை நீட்டியவனுக்கு அங்கே பெண் கொடுக்க மாட்டார்கள்.

போன் அடித்தது. லவோன் எடுத்தாள். "மாநில ஆபீஸா? சொல்லுங்க. வாசல்ல நடற விளம்பரத் தட்டிகள் நூறு போதும், நார்பர்ட் ஆளுங்களுக்குச் சின்னது, கோடி ஆளுங்களுக்குப் பெருசு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் யாரையும் கதவு தட்ட அனுப்பாதீங்க. கால்பந்து ஆட்டம் நடக்கறப்போ மணி அடிச்சீங்கன்னா அந்த வீட்டு ஓட்டு மட்டும் இல்ல, மாமியார் வீட்டு ஓட்டும் போயிடும். வெக்கறேன்."

"யாரு?" என்றார் ஆர்டன்.

"உன்னைத்தான் கேட்டாங்க. நானே சொல்லிட்டேன்."

"நல்லது. இங்க பாரு, நீதானே செயலாளர். கெஞ்சறதுக்கு ரெண்டு பேரை முன்கூட்டியே சொல்லி வை. சபைன்னா சில சமயம் மரமா உட்கார்ந்திருக்கும்."

"சரி, நான் பார்த்துக்கறேன்," என்றாள் லவோன்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆர்டன் முட்டையைச் சாப்பிட்டார்.

சாயங்காலம் ஏரிக்கரை உணவு விடுதியின் பின்னறையில் கூட்டம். வெள்ளிக்கிழமை என்றால் வறுத்த மீன். அதைத் தின்று முடித்த பிறகுதான் நாட்டைக் காப்பாற்றுவார்கள்.

கோடி எழுந்தான். "நாடே நம்ம மாவட்டத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு. நாம எந்தத் திசையில போறோம்? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"வந்த திசையிலயே போவோம் தம்பி. பழகின ரோடு," என்றார் நார்பர்ட்.

"அந்த ரோட்டுல போய்த்தான் போன தடவை தோத்தோம்!"

"நீ போட்ட கூச்சல்ல ரோடு தெரியாமத்தான் தோத்தோம்!"

ஆர்டன் சுத்தியலைத் தட்டினார். அயர்ச்சி முகத்தில் தெரியும்படி எழுந்தார். அதற்காக அவர் சிரமப்படவில்லை. அயர்ச்சி உண்மையிலேயே நிறைய இருந்தது.

"நண்பர்களே, இருபது வருஷம் இந்தச் சுத்தியலைப் பிடிச்சேன். கை வலிக்குது. மனசும் வலிக்குது. நான் விலகிக்கறேன்."

நார்பர்ட்தான் முதலில் எழுந்தார். "டேய் ஆர்டன், என்னடா இது? போகாதடா."

"இல்ல நார்பர்ட். என்னால முடியாது."

அடுத்து கோடியே எழுந்துவிட்டான். "ஐயா, நீங்க இல்லாம எப்படிங்க? இருங்க, ஐயா."

எதிரியே கெஞ்சுகிறான்! ஆர்டனுக்கு உள்ளுக்குள் தேன் வழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. இளைய தலைமுறைக்கு வழிவிடணும்."

சொல்லிவிட்டு, பெருமூச்சுக்குத் தயாராக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

யாரும் எழவில்லை. யாரோ எலுமிச்சைத் துண்டைப் பிழியும் சத்தம் கேட்டது. ஆர்டன் நார்பர்ட்டைப் பார்த்தார். நார்பர்ட் மீன் முள்ளைப் பார்த்தார். ஆர்டன் கோடியைப் பார்த்தார். கோடி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத் தலை குனிந்திருந்தான். பிடித்து வைத்த மூச்சில் ஆர்டனின் முகம் தக்காளியாகிக்கொண்டிருந்தது.

லவோன் எழுந்தாள்.

"ரெண்டு தடவை கேட்டாச்சு. ரெண்டு தடவையும் மனுஷன் முடியாதுன்னுட்டார். முகத்தைப் பாருங்க, எப்படிச் சிவந்து கிடக்குன்னு. இதுக்கு மேல கேட்டா கெஞ்சல் இல்ல, சித்திரவதை. ராஜினாமாவை நன்றியோட ஏத்துக்கணும்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றார் நார்பர்ட், கண்ணில் நீரோடு.

தலைமையில் இருப்பவர்தான் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும் என்பது விதி. ஆகவே ஆர்டன் க்ரூகர் தம்முடைய ராஜினாமாவைத் தாமே ஓட்டுக்கு விட்டு, ஏகமனதாக நிறைவேறியது என்று தாமே அறிவித்து, தாமே சுத்தியலால் தட்டினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விதிமுறைப்படி போட்டுக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

"புதுத் தலைவருக்குத் திருமதி க்ரூகர் பெயரை முன்மொழியறேன்," என்றான் கோடி.

"வழிமொழியறேன்," என்று பழைய கோஷ்டி முழுவதும் கத்தியது. அந்த வருஷம் முழுக்க அந்த இரண்டு கோஷ்டியும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

"லவோன், ஏத்துக்கறியா?" என்று கேட்ட நார்பர்ட், இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்குமே என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏத்துக்கறேன்," என்றாள் லவோன்.

அறையே அதிர்ந்தது. முதல் தடவையிலேயே! ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

திரும்பும் வழியில் ஆர்டன் காரை மெதுவாக ஓட்டினார்.

"நார்பர்ட்கிட்ட என்ன சொன்னே?" என்றார் ஆர்டன்.

"'ஆர்டனுக்கு முழங்கால் போயிடுச்சு, வெளியில சொல்லக் கூச்சப்படறார், ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடு'ன்னேன்."

"கோடிகிட்ட?"

"ரெண்டாவது ஆளா நீ கேளு. அதோட நிறுத்திக்க, மூணாவது தடவை கேட்டா இந்த ஊர்ல கிழவனை அவமானப்படுத்தறதா அர்த்தம்னேன். சிகாகோ பையன், நம்பிட்டான்."

"ஏன் லவோன்? எனக்கு இருந்தது அது ஒண்ணுதானே."

 அது நாடகமில்லை. நாளைக்கு மளிகைக் கடையில் தன்னை யார் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

லவோன் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "இருபது வருஷமா போன் எடுத்தது யாரு? ரெண்டு கோஷ்டிக்கும் பஞ்சாயத்து பண்ணினது யாரு? நீ சுத்தியலை மட்டும்தான் தூக்கினே. எனக்கு அலுத்துப் போச்சு, ஆர்டன்."

"அலுத்துப் போனவ பதவிக்கு வருவாளா?"

"வேலை அலுக்கல. வேலையை நான் பார்க்க, பேரை நீ வாங்கிக்கறியே, அது அலுத்துப் போச்சு."

ஆர்டன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். 

"சரி. கட்சியை எந்தத் திசையில கொண்டு போகப் போறே?"

"அதை அப்புறம் பார்க்கலாம். நீ நாளைக்கு வடக்கு ரோட்டுல போ. கதவு தட்ட ஆள் இல்ல."

மறுநாள் மழை. வடக்கு ரோட்டில் வீட்டுக்கு வீடு அரை மைல். சரளைக் கல்லில் நடந்து நடந்து ஆர்டனின் முழங்கால் உண்மையிலேயே போய்விட்டது. ஆனாலும் மனசுக்குள் ஒரு சின்ன வீறாப்பு வந்திருந்தது. தலைவர் பதவி போனால் என்ன, ஒவ்வொரு ஓட்டாகத் தானே சேர்த்துக் காட்டினால், இந்தப் பூனையைத் தானே மதிலிலிருந்து இறக்கினால், லவோன் என்ன சொல்வாள்? பழைய கோஷ்டிக்காரனுக்கும் புதிய கோஷ்டிக்காரனுக்கும் சேர்த்துப் பொருந்தும்படி ஒரு பேச்சை வழியெல்லாம் தயார் செய்தார்.

முதன்முதலாகக் கதவைத் திறந்தவள் டெலோரஸ். கணவனை இழந்த பெண்மணி; எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவாள் என்று யாருக்கும் தெரியாது. சரியான ஊசல் ஓட்டு.

"வணக்கம்மா. குடியரசுக் கட்சி சார்பா..."

"உள்ள வாங்க, நனையாதீங்க," என்று கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். காப்பி வந்தது. ஆப்பிள் பை வந்தது. ஆர்டன் பேச்சைத் தொடங்கினார். வரியைச் சொன்னார், கொடியைச் சொன்னார், இரண்டையும் இணைத்தார். இப்படியொரு பேச்சைத் தலைவராக இருந்தபோதுகூட அவர் பேசியதில்லை. டெலோரஸ் கம்பளி பின்னிக்கொண்டே தலையாட்டினாள். ஓட்டு கனிந்துவிட்டது என்று தோன்றியது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி போயிற்று. ஓட்டியது நார்பர்ட். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போனவன் கோடி. பின்னாலேயே இன்னும் மூன்று வண்டிகள். எல்லாம் தெற்கே, ஆர்டனின் வீட்டுப் பக்கம்.

ஆர்டன் விசுக்கென்று எழுந்தார். "வரேன்மா. இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடு தட்டணும்."

"அதெல்லாம் எதுவும் தட்ட வேண்டாம், உட்காருங்க," என்றாள் டெலோரஸ், ஆப்பிள் பையில் இன்னொரு துண்டை வெட்டியபடி. "வீட்டுல முக்கியமான கட்சிக் கூட்டமாம், முடியற வரைக்கும் உங்களை இங்கயே பேச வெச்சுக்கச் சொல்லி லவோன் காலைலயே போன் பண்ணிட்டா."