கைதட்டலில் போன மதியத் தூக்கம்

வேலையைக் கூட்டிவிட்டுச் சம்பளத்துக்குப் பதில் கைதட்டல் கொடுக்கலாம் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவனே, உன்னைத்தான் கேட்கிறேன். நீ நல்லா இருப்பியா? ஒரு மனுஷனுடைய ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தின்று ஏப்பம் விட்டவனாச்சே நீ!

அந்த மனுஷன் மெத்தைக் கடையில் விற்பனையாளர். ‘பேரக்காரர்’ என்றால்தான் தெருவில் தெரியும். ஊசி போட வந்த டாக்டரிடமே, “முழுசா வேணாம், பாதி குத்துங்க” என்று பேரம் பேசிப் பார்த்தவர். கோபம் வந்தால் கடைக் கண்ணாடி அதிரும். ஆனால் நாலு பேர் கைதட்டிவிட்டால் போச்சு. உருகி வாசல்வரை ஓடிவிடுவார்.

முதலாளிக்கு இது தெரியும். புது வேலை ஒன்றை அவர் தலையில் கட்ட வேண்டுமென்றால் ஊழியர்களை வட்டமாக நிற்க வைப்பார். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்துவார். எல்லாரும் தட்டுவார்கள். அப்படித்தான் பேரக்காரர் லிஃப்ட் பொறுப்பாளர் ஆனார். புகார் பொறுப்பாளர் ஆனார். வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்குக்கூடப் பொறுப்பாளர் ஆனார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. சம்பளம் மட்டும் அசையவில்லை.

நாளெல்லாம் மெத்தையில் படுத்துக் காட்டுவதுதான் அவர் தொழில். கண்ணை மட்டும் மூடக் கூடாது. அந்தத் தூக்கத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஞாயிறு மதியம் ஒரே மூச்சில் தூங்குவார். போன சனிக்கிழமை அதற்கும் வேட்டு வைத்தார்கள். ‘ஞாயிறு பொறுப்பாளர்’. மதியம்வரை கடை. அப்புறம் வீட்டு வேலை. தூக்கத்துக்கு எங்கே இடம்?

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி பிடித்துவிட்டாள்.

“என்னங்க, நெஞ்சுல புதுசா ஒண்ணு மின்னுது?”

“ஞாயித்துக்கிழமையும் கடைக்குப் போகணும்.”

“சம்பளம் ஏத்துனாரா?”

“கைதட்டினாங்க.”

“நல்லாத் தட்டினாங்களா?”

“ரொம்ப நேரம்.”

“அப்ப அதையே மளிகைக் கடையில குடுத்துட்டு சாமான் வாங்கிட்டு வாங்க.”

பேரக்காரர் கொதித்தார். கொதித்த கொதியில் ஒரு யோசனை பொங்கி வந்தது. முதலாளி எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்தால் என்ன? வீட்டு வேலையை இவள் தலையில் கட்டிவிட்டால் மதியத் தூக்கம் தப்பிவிடும்!

எதிர்வீட்டுத் தையல்காரரைக் கைதட்டக் கூட்டி வந்தார். குடைப் பொறுப்பாளர் பேட்ஜில் காகிதம் ஒட்டி, ‘இல்லத் தலைமைப் பொறுப்பாளர்’ என்று எழுதி, மனைவியின் சேலையில் குத்தினார். தையல்காரர் வஞ்சனை இல்லாமல் தட்டினார்.

“எனக்கா? இவ்வளவு பெரிய பதவியா?” வராத கண்ணீரை மனைவி துடைத்துக்கொண்டாள்.

“உனக்கேதான். இனிமே தண்ணி கேன், குப்பை, இஸ்திரி எல்லாம் உன் பொறுப்பு.”

“ஏங்க, உங்க முதலாளி மெத்தை தூக்குவாரா?”

“அவர் எதுக்குத் தூக்கணும்? தலைமையில இருக்கிறவர் சொல்லுவாரு, கீழ இருக்கிறவன்...”

வீட்டில் கீழே இருப்பவன் யார் என்று அப்போதுதான் உறைத்தது.

“கேன் காலி. கெளம்புங்க.”

தையல்காரர் பழக்க தோஷத்தில் இன்னொரு தட்டுத் தட்டினார். பேரக்காரர் கேனைத் தூக்கிவிட்டார்!

மாடிப்படியில் இறங்கும்போதே, மனைவி ஸ்பீக்கரில் போட்ட போன் பேச்சு காதில் விழுந்தது.

“முதலாளிங்களா? இல்லத் தலைமைப் பொறுப்பாளர் பேசுறேன்.”

“எந்த இல்லம்மா?”

“உங்க ஞாயிறு பொறுப்பாளர் தூங்குற இல்லம். ஞாயித்துக்கிழமை அவரு என் கட்டுப்பாட்டுல இருக்காரு. வேணும்னா வாடகைக்கு எடுத்துக்குங்க.”

“ஆளு என்ன சாமியானா பந்தலா, வாடகைக்கு எடுக்க?”

“அப்ப சம்பளம் ஏத்துங்க.”

“அது முடியாது தங்கச்சி. வேணும்னா உனக்கும் ஒரு பேட்ஜ்...”

“அது இருக்கு. வாசல் பக்கம் வச்சிருக்கீங்களே, அந்தப் பெரிய மெத்தையைக் குடுங்க. இல்லைன்னா நாளையிலேர்ந்து லிஃப்ட்டு, புகாரு, குடை எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க.”

முதலாளிக்கு அந்தக் குடை மலை கண்முன் வந்திருக்க வேண்டும். சரி என்றார்.

பேரக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிறு மதியம் கடையை மூடினார். மெத்தையைத் தலையில் வைத்து மூன்றாவது மாடிக்கு ஏறினார். லிஃப்ட் பொறுப்பாளர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்கியது. பரவாயில்லை, இன்றைக்குத் தூக்கம்! கட்டிலில் விரித்தார். சாயப் போனார்.

“என்ன பண்றீங்க?”

“படுத்துக் காட்... படுக்கப் போறேன்மா.”

“இது பதவிக்கு வந்த மெத்தைங்க. பதவி யாருது?”

வாசலில் தையல்காரர் தயாராக நின்றிருந்தார். மனைவி புத்தம்புது பேட்ஜ் ஒன்றைக் கணவர் சட்டையில் குத்தினாள்: ‘அமைதிப் பொறுப்பாளர்’. கைதட்டல். பாவி மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து வணங்கக்கூடச் செய்தார்.

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மனைவியின் குறட்டை. வெளியே, சுவரில் சாய்ந்தபடி அவர் ஒரு கொட்டாவி விட்டார்.

“அங்க என்ன சத்தம்?” என்றது மெத்தை.

கைதட்டலைக் கண்டுபிடித்தவனே, எங்கே ஒளிந்திருந்தாலும் இப்போதே கிளம்பி வா. இந்தப் பேட்ஜைக் கழற்றி உன் சட்டையில் குத்திக்கொண்டு கதவோரம் நில். அந்த மனுஷன் ஒரு மதியமாவது தூங்கட்டும். வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வா. சத்தம் கேட்டால் அவரைத்தான் கேட்பாள்.