உடனிருந்த ஆள்: ஒன்று

ஐயா, நீங்கள் யார், எந்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோது இந்த யோசனை உங்களுக்குப் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மயிலம்மாளின் சட்டி பானை இன்று நடு ரோட்டில் கிடப்பதற்கு நீங்கள்தான் காரணம். மறுக்க வேண்டாம்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் எட்டாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. தோட்டங்களைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் சேவைக் குறிப்புகள் சிரம்பானில் ஓர் ஆபீஸில், தோட்டத்துக்கு ஒரு கட்டாகச் சணல் கயிற்றில் கட்டிக் கிடந்தன. ரெம்பாவ் தோட்டத்துக்காரி வந்து கேட்டால் ரெம்பாவ் கட்டை அவிழ்ப்பார்கள். கால் மணி நேரத்தில் ஆள் கிடைப்பான். பொதுமக்களுக்கு இவ்வளவு கஷ்டம் கொடுப்பது முறையல்ல என்று மேலிடம் கருதியது. பிற்காலத்தில் சரித்திர ஆராய்ச்சிக்கு வருகிறவர்களின் வசதியையும் உத்தேசித்து, எல்லாக் குறிப்புகளையும் துப்பாக்கி எண் வரிசைப்படி அடுக்க உத்தரவாயிற்று. காரணம் அசைக்க முடியாதது. மனுஷன் சாவான், ஓடிப்போவான், பேரை மாற்றிக்கொள்வான். துப்பாக்கி அப்படியெல்லாம் செய்யாது.

மயிலம்மாளின் புருஷன் முனியாண்டி நாலு வருஷத்துக்கு முன் தோட்டத்து கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகக் காவலுக்கு நின்று, குண்டடிபட்டுச் செத்தவன். அவன் குடும்பம் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டிலேயே இருக்கலாம் என்று பழைய துரை வாக்குக் கொடுத்திருந்தார். புதுத் துரைக்கு வாக்கைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. "காவல்ல செத்தான்னு காயிதம் கொண்டா. இல்ல, மாசக் கடைசி ஞாயிறு வீட்டைக் காலி பண்ணு."

ரெம்பாவ் பாசாரில் பத்து வருஷம் கீரை விற்று, சீனத் தவுக்கே முதலாளியையே பேரத்தில் மடக்கியவள் அவள். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி திருநாவுக்கரசு எம்மாத்திரம் என்று சிரம்பானுக்கு பஸ் ஏறினாள்.

"துப்பாக்கி நம்பர்?" என்றார் கிராணி, தலை தூக்காமல்.

"முனியாண்டி."

"அது ஆள் பேரும்மா. நம்பர்."

"அது எதுல எழுதியிருக்கு?"

"அவரோட சேவைக் குறிப்புல."

"அதத்தான்யா கேக்குறேன், எடுங்க!"

"நம்பர் சொன்னா எடுக்கலாம். இப்ப ரொம்பச் சுலபமாக்கிட்டோம்."

"எத்தன இலக்கம்?"

"அஞ்சு."

"ரெண்டு நான் சொல்றேன். மிச்சத்த நீங்க போட்டுக்குங்க."

"இது பாசார் இல்லம்மா."

"பாசாரா இருந்தா இந்நேரம் கொசுறோட வாங்கிட்டுப் போயிருப்பேன்லா!"

கிராணி இரங்கினார். "துப்பாக்கி இன்னும் நல்லாத்தானே இருக்கு? அதுகிட்டயே போய்க் கேளுங்க."

அந்தத் துப்பாக்கி இப்போது அதே கேட்டில், காவல்கார ராமசாமியின் தோளில் இருந்தது. நம்பரைக் காட்டச் சொன்னதும் அவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "அக்கா, துப்பாக்கியத் தொட்டா தூக்குத் தண்டன!"

"எங்க வீட்டுக்காரரு நாலு வருஷம் தொட்டாரு, யாரும் தூக்குல போடல. சுட்டுத்தான் கொன்னாங்க. நீ வாசிடா."

அடுப்புக் கரியால் முன்கையில் எழுதிக்கொண்டு திரும்பிப் போனாள். கிராணி நாலே நிமிஷத்தில் அட்டையை எடுத்துவிட்டார். முகம் பூரித்தது.

"எண்ணெய் இடப்பட்டது, நானூற்றுப் பதினாறு தடவை. தம்பின் ஊரில் துரு கண்டு பதினெட்டு நாள் ஓய்வு. பின்கட்டையில் விரிசல், செப்புக் கம்பியால் கட்டுப் போடப்பட்டது. ஐம்பத்திரண்டாம் வருஷம் கேட்டருகே நடந்த சண்டையில், மழைத் தண்ணீரில் மூன்று மணி நேரம் கிடந்து மீண்டது."

"பக்கத்துலயே கெடந்தவரு மீளலையே! அந்தக் கம்பிக் கட்டு அவரு போட்டது. அவரு பேரு எங்க?"

கிராணி கடைசி வரியில் விரலை வைத்தார்: 'உடனிருந்த ஆள்: ஒன்று.'

"பேருய்யா!"

"முனியாண்டி மட்டும் பதினோரு பேரும்மா. பேரப் போட்டா ஆராய்ச்சி பண்றவங்க குழம்பிடுவாங்க."

அவள் போட்ட கூச்சலில் மேலதிகாரியே எழுந்து வந்தார். மேற்படி எண்ணுள்ள துப்பாக்கி மேற்படி தோட்டத்தில் மாசற்ற சேவை புரிந்துள்ளது என்று முத்திரை குத்தி, அத்தாட்சிப் பத்திரம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார்.

துரை அதை இரண்டு முறை வாசித்தார். "நல்ல காயிதம். துப்பாக்கி லயத்துல இருக்கலாம். நீ போ."

லயத்து ஜனம் திரண்டுபோய்த் துரையைக் கேட்கும் என்று மயிலம்மாள் நம்பினாள். ஜனம் திரண்டது, பச்சை குத்துகிறவள் வீட்டு வாசலில். மயிலம்மாள் கைக் கரியைப் பார்த்து, நாளைக்குத் தேவைப்படும் என்று காவல்காரர் பெண்டாட்டிகள் பதினாலு பேரும் அவரவர் புருஷன் துப்பாக்கி நம்பரை முன்கையில் குத்திக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் அந்த மோகம் மம்பாவ் வரை போயிற்று. புருஷன் காவலில் இல்லாதவர்களும் ஆசைக்கு ஒரு நம்பர் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்.

கடைசி ஞாயிறு, கூலிகளை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு சட்டி பானையை ரோட்டில் தூக்கி வைத்தார். துப்பாக்கியைத் துணியில் சுற்றி உள்ளே சாய்த்து, பூட்டுப் போட்டார். வேடிக்கை பார்க்க வந்த ராமசாமி பெண்டாட்டி நீலாவதி கையை நீட்டினாள்.

"அக்கா, என் நம்பர் எடுப்பா இருக்குல்ல?"

மயிலம்மாள் பார்த்தாள். அது முனியாண்டியின் துப்பாக்கி நம்பர்.

ஐயா யோசனைக்காரரே, நம்பரை நீலாவதியே வைத்துக்கொள்ளட்டும். முனியாண்டி என்கிறவன் இந்த கேட்டில் நின்று செத்தான் என்று ஒரு வரி, கீழே உங்கள் கையெழுத்து. அவ்வளவுதான். ஆறு மணிக்கு மேல் ஊரடங்கு; ரோட்டில் இருப்பவர்களைச் சுட உத்தரவு. இப்போது மணி ஐந்தடித்துவிட்டது. எழுந்து வந்து எழுதிக் கொடுங்கள்.