பதினோராயிரம் எச்சரிக்கைகளை வென்ற மேலாளர்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனிதகுலம் கல்லில் வெட்டிவைக்க வேண்டிய சாதனை, நான்காவது மாடி மேலாளர் ஒரே வாரத்தில் எச்சரிக்கைகளை ஒழித்ததுதான்.

அவர் பிரிவு எழுதியது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். இருபது வருடத்து நிரல். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரில் ஓட்டினால் போதும், "இந்த மாறிக்கு இன்னும் மதிப்பே கொடுக்கவில்லை, அதற்குள் பயன்படுத்துகிறீர்களே" என்று பதினோராயிரத்து நானூறு முறை புலம்பும். வெள்ளிக்கிழமைக்குள் இது அடங்காவிட்டால் மேலாளருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று தலைமையகம் சொல்லிவிட்டது.

உடனே "எச்சரிக்கை ஒழிப்பு உயர்மட்டக் குழு" கூடியது. மதிப்பில்லாத அனைத்துக்கும் பூஜ்ஜியம் போட்டுவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதில் சேராதவர் ஒருவர்தான், மூத்த நிரலாளர் அம்மணி.

"சார், அலர்ஜிக்கு மட்டும் பூஜ்ஜியம் போடாதீங்க."

"ஏம்மா, அது மட்டும் என்ன வீட்டு மாப்பிள்ளையா, தனி மரியாதை செய்ய?"

"பூஜ்ஜியம்னா நோயாளிக்கு அலர்ஜி இல்லைன்னு அர்த்தம் சார். இங்க நாம இன்னும் கேக்கவே இல்ல. ரெண்டும் ஒண்ணா?"

"போட்டா கம்பைலர் வாயை மூடுமா, மூடாதா?"

"மூடும்."

"அப்புறம் என்ன?"

வெள்ளிக்கிழமை கம்பைலர் ஊமையானது. திங்கட்கிழமை புதுப் பதிப்பு மருத்துவமனைகளுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை பாராட்டு விழா. மேலாளர் கேடயத்தை வாங்கி, கைதட்டலுக்குத் தலைவணங்கி, பணிவோடு ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் மேடை இல்லை. யாரும் எச்சரிக்கவில்லை, அந்தக் கெட்ட பழக்கத்தைத்தான் ஒழித்தாயிற்றே.

மருத்துவமனையில் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. செவிலியர் ஊசியோடு வந்து மருந்தின் பெயரைச் சொன்னார். மேலாளர் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். அதே மருந்து ஒருமுறை அவரை மூன்று நாள் மூச்சுக்குத் திணறவிட்டிருந்தது.

"சிஸ்டர், அது எனக்கு ஒத்துக்காது."

செவிலியர் திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை எழுத்தில் "அலர்ஜி: இல்லை" என்றிருந்தது.

"என்னை யாரும் கேக்கவே இல்லையே சிஸ்டர்."

"கேக்கலைன்னா அந்த இடத்துல என்னமோ கிறுக்கலா வந்து நிக்கும் சார். அதைப் பார்த்துதான் கேப்போம். நேத்து புது சாஃப்ட்வேர் வந்துச்சு, எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. தெரியாம 'இல்லை'ன்னு போடுவாங்களா?"

சொல்லிக்கொண்டே பஞ்சால் கையைத் துடைத்தார். மேலாளர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அந்த 'இல்லை'யை நம்பாதீங்க சிஸ்டர். அதைப் போட்டவன் நான்தான்."