இரண்டு வெட்டு போட்ட முளை

பதினொரு மணிக்கு மிலிட்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். ஒன்பது மணிக்குச் சாம்பிள் முளையைக் காணோம்.

"நல்லாத் தேடுய்யா எல்லப்பா! மேசைக்கடியில பாத்தியா?"

"மூணு தரம் பாத்துட்டனுங்க பாய். அதுலேருந்து கழட்டி வெச்ச ஆபீஸ் சீட்டு மட்டும் ஆணியில தொங்குது. முளையத்தான் காணோம்."

மெஹபூப் பாஷாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, ஓர் உலையும் இரண்டு லேத்தும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவருக்கு எண்பத்து நாலில் அடித்த யோகம் அது. பட்டாளத்துக்குக் கூடாரம் அடிக்க இரண்டாயிரம் இரும்பு முளை! டெபாசிட் கட்டுவதற்காக மனைவி ஃபகருன்னிசாவின் வளையல்கள் பேங்குக்குப் போயிருந்தன. வரைபடம் எதுவும் கிடையாது. 'சாம்பிளில் உள்ளபடி' என்று ஆர்டரில் ஒரே வரி. சாம்பிள் தொலைந்தால் ஆர்டர் ரத்து, டெபாசிட் கோவிந்தா, வளையலும் கோவிந்தா.

அந்தச் சாம்பிளின் தலையில் கோணல்மாணலாக இரண்டு வெட்டு இருந்தது. எதற்கு என்று பாஷா ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் டிஃபென்ஸ் மேட்டர், மிஸ்டர் பாஷா. கேக்கக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராணுவ ரகசியம் என்றால் சும்மாவா? அதே கோணலில் இரண்டாயிரம் முளைக்கும் உளி வைத்து வெட்டி, மேஸ்திரி எல்லப்பனுக்குத் தோள்பட்டையே இறங்கிப்போயிருந்தது.

"நம்ம முளையில ஒண்ண எடுத்துச் சீட்டைக் கட்டிடலாமுங்க" என்றார் எல்லப்பன்.

"இது பளபளன்னு இருக்கே! சாம்பிளு பழசுய்யா."

"புளித்தண்ணியில உப்பைப் போட்டு நாலு கொதி விட்டா, இதுவும் பழசாயிட்டுப் போவுது."

பழசாகத்தான் ஆனது. கொஞ்சம் அதிகமாகவே பழசாகி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. வேறு செய்ய நேரமில்லை; வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் முன்னால் வர, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பியூன் சென்றாயன் பின்னால் வந்தார். இன்ஸ்பெக்டர் சீட்டைப் பார்த்தார். நீளத்தை அளந்தார். வெட்டை எண்ணினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாம்பிள் பிரவுனா இருக்கு. உங்க சரக்கு வெள்ளையா மின்னுது. ரிஜெக்ட்!"

"சார், அது... துருங்க சார்."

"துருவா? கவர்மென்ட் உங்களுக்குத் துருப்பிடிச்ச சாம்பிள் குடுத்துச்சுன்னு சொல்றீங்களா?"

ஆமாம் என்றால் அரசாங்கத்தோடு வம்பு. இல்லை என்றால் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

"பிரவுனே பண்ணிடறேன் சார்."

"பத்து நாள் டைம். 'ஸ்பெஷல் பிரவுன் ஃபினிஷ்'னு எழுதி ரேட்டைக் கொஞ்சம் ஏத்திக்கலாம். கவர்மென்ட்தானே குடுக்குது" என்று இன்ஸ்பெக்டர் பெரிய மனசு பண்ணினார்.

ராயக்கோட்டையிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் புளி வந்தது. கொட்டகையில் அண்டா அண்டாவாக முளை கொதித்தது. ஓசூர்க் கடைகளில் புளி கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறிவிட்டது.

"பட்டாளத்துக்காரங்க அப்படி என்னத்த சாமி ரசம் வெக்கிறாங்க?" என்று கேட்டாள் டீக்கடை வெங்கடம்மாள்.

"ரசமில்லம்மா. இரும்பைத் துருப்பிடிக்க வெக்கிறோம்" என்றார் எல்லப்பன்.

"அடப் பாவிங்களா! எங்க வீட்டு இரும்பெல்லாம் ஓசியிலயே துருப்பிடிக்குது. வரிய வாங்கி இதுக்கா செலவு பண்றாங்க?"

பாஷாவுக்குச் சுருக்கென்றது. அன்று காலையில்தான் அவரும் விற்பனை வரி கட்டிவிட்டு வந்திருந்தார். தான் கட்டிய வரியில் தானே புளி கரைக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனால் ஃபகருன்னிசாவின் மொட்டைக் கை கண்ணில் படுகிறதே, என்ன செய்வது?

பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு முளையை எடுத்துத் தடவினார். கையெல்லாம் சிவப்பு.

"கலர் ஒட்டுதே! இப்படியே விட்டா துருப்பிடிச்சிடாதா?"

"அதுவே துரு..." என்று ஆரம்பித்த எல்லப்பனின் காலை பாஷா ஓங்கி மிதித்தார்.

"துருப்பிடிக்காம இருக்க மேல வார்னிஷ் அடிச்சிடறோம் சார்!"

"வெரி குட். அதுக்குத் தனி ரேட் போட்டுக்குங்க."

ஆகக்கூடி, துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் துருவுக்கு மேல் வார்னிஷ் அடித்து, மூன்று ரூபாய் முளை பதினொரு ரூபாய் முளையாகி, மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டர் முன்னால் அடுக்கி வைக்கப்பட்டது. அவர் பார்த்தார். சிரித்தார். 'பாஸ்' என்று முத்திரை குத்த உட்கார்ந்தார். பாஷா மனசுக்குள் வளையல்கள் கலகலவென்று குலுங்கின.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும் அந்த ஆடு! கயிற்றோடு கொட்டகைக்குள் பாய்ந்தது. கயிற்றின் நுனியில் ஒரு முளை தரையில் இழுபட்டு வந்தது. பின்னாலேயே ஃபகருன்னிசா ஓடி வந்தாள்.

"புடிங்க, புடிங்க! முளையோட புடுங்கிட்டு வந்திருச்சு!"

"இதை எங்கடி எடுத்தே?" பாஷா கிசுகிசுத்தார்.

"உங்க மேசை மேல சும்மாதானே கெடந்துச்சு. ஆட்டைக் கட்ட எடுத்துட்டுப் போனேன்."

மங்கலான இரும்பு. தலையில் இரண்டு கோணல் வெட்டு. சாட்சாத் அதே சாம்பிள்!

நல்ல வேளை, இன்ஸ்பெக்டர் முத்திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் ஆட்டைப் பிடித்த சென்றாயன் முளையைக் கையில் எடுத்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

தொலைந்தோம் என்று பாஷா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன். எம் பொழப்பைக் கெடுத்துடாதீங்க. சாருக்குத் தெரிய வேணாம்."

சென்றாயன் இன்ஸ்பெக்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, முளையை மெல்லத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பாஷாவின் காதோடு சொன்னார்:

"நீங்களும் சொல்லிடாதீங்க பாய்... ஆபீஸ் சாம்பிளு நாலு வருசம் முன்னாடியே தொலைஞ்சு போச்சு. இது எங்க ஊட்டு எருமையக் கட்டுற முளை, பக்கத்து ஊட்டுக்காரி தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு எம் பொஞ்சாதி நாகம்மாதான் அரிவாள்ல ரெண்டு வெட்டு போட்டு வெச்சா!"