எண்ணெய்ச்சட்டிக்கு எழுத்துமூலச் சம்மதம்

இணுவில்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்குரிய மருமகன் சட்டத்தரணி சிவரூபன் அறிவது,

இங்கு கந்தசுவாமியார் கிருபையால் நானும் கிணற்றுத் தண்ணீரும் நலம். மாமியும் நலமென்றே நினைக்கிறேன்; நாலு நாளாக என்னோடு ஒரு வார்த்தையும் கதையாதபடியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொழும்பில் நீங்களெல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நாளைக்கு அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்ற பயத்தில், நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த தபாலையே நம்பி இதை அனுப்புகிறேன்.

மாமி வீட்டில் பலகாரம் சுட்டு விற்பதும், ஓய்வூதியக்காரனான நான் அதற்கு 'பத்மாவதி பலகாரம்' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துவதும் உமக்குத் தெரியும். போன புதன்கிழமை எங்களுக்கு முதன்முதலாக ஒரு கலியாண ஓடர், பக்கத்து ஒழுங்கை குணலட்சுமியின் மகள் தர்சினிக்கு. நல்ல நேரம் பார்த்துக் குணலட்சுமி எண்ணெய்ச்சட்டியை எங்கள் முற்றத்து அடுப்பில் ஏற்ற, மாமி முதல் பயித்தம்பணியாரத்தைப் போட, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. படம் எடுத்து, 'தர்சினியின் திருமணப் பலகாரச் சூடு இனிதே ஆரம்பம், நீங்களும் ஓடர் பண்ணலாம்' என்று எழுதி, நாதஸ்வரமும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

அன்று பின்னேரமே கோப்பாயில் குணலட்சுமியின் ஒன்றுவிட்ட தமையன் சண்முகநாதன் அதைப் பார்த்துவிட்டார். அவர் அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். வீடு தேடிப் போய் வெற்றிலை வைத்து அவருக்கு முதலில் சொல்லித்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாளென்று குணலட்சுமி காத்திருந்தார். இத்தனைக்கும் மாப்பிள்ளையின் குறிப்பைப் பார்த்துப் பொருத்தம் சொன்னவரே சண்முகநாதன்தான். ஆனாலும் தெரிந்திருப்பது வேறு, சொல்லியிருப்பது வேறு அல்லவா? உடனே குணலட்சுமிக்குப் போன் எடுத்தாராம். "எனக்குப் பேஸ்புக்கில சொல்லுற அளவுக்கு வந்திட்டியளோ? அப்ப வாழ்த்தையும் அதிலையே போடுறன். கலியாணத்துக்கு வரமாட்டன்."

குணலட்சுமி அழுதுகொண்டு ஓடி வந்தார். "அண்ணை மணவறைக்கு வராட்டில், உங்கடை பலகாரமும் என்ரை வீட்டுக்கு வரவேண்டாம்!" நான் பதறிப்போய்ப் படத்தை அழித்தேன். மாமி சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குசினிக்குள் போனவதான், அதோடு என்னோடு கதையில்லை. ஓடர் போகப்போகிறதே என்ற கவலை, பாவம்.

மறுநாள் பிரதேச செயலகத்தில் சிறுதொழில் செய்வோருக்கு இணையச் சட்டம் பற்றி ஒரு வகுப்பு. ஒரு நாள் முன்னதாக வைத்திருக்கக்கூடாதா? உமது வயதில் ஒரு பெண் சட்டத்தரணி வந்து, வாடிக்கையாளரின் பெயர், முகம், வீட்டு விசேஷம் எதையும் கேட்காமல் விளம்பரத்தில் போடாதீர்கள், வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள் என்றார். பாட்டுக்கும் உரிமை வேண்டுமாம். இனி எங்கள் பக்கத்தில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும்தான்.

உடனே நாற்பது சம்மதப் படிவம் அச்சடித்து, எங்கள் பக்கத்தில் இதுவரை படம் வந்த எல்லோரிடமும் சைக்கிளில் போய்க் கையெழுத்து வாங்கினேன். ஒரு முறை முறுக்கு வாங்கினவர்கூட, காணியை எழுதி வாங்குகிறேனோ என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமை வெற்றிலையோடு போன குணலட்சுமிக்குச் சண்முகநாதன் போர்த்துக்கொண்டு படுத்துக் காட்டினாராம். சனிக்கிழமை நான் படிவத்தோடு போனேன். கண்ணாடி போட்டு மூன்று தரம் வாசித்தார். "எல்லாத்தையும் செய்துபோட்டு இப்ப ஒப்பம் கேக்கிறீரோ?" என்று படலையைச் சாத்தினார்.

மருமகன், அவர் வழக்குப் போடலாமா? என் ஓய்வூதியத்துக்கு ஏதும் வருமா? பக்கத்தை நாளையோடு மூடிவிடுகிறேன். எதற்கும் நீர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பும்.

நீரும் குடும்பமும் நீண்ட ஆயுளோடும், கைபேசியில்லாத நிம்மதியோடும் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா தியாகலிங்கம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் வாசலில் சண்முகநாதன்! நான் படத்தை அழித்ததைக் கண்ட கோப்பாய்ச் சனம், கலியாணம் குழம்பிவிட்டதென்று அவரிடமே துக்கம் விசாரித்ததாம். "எங்கடை பிள்ளையின்ரை கலியாணம் குழம்பினதெண்டு ஆர் சொன்னது? போடும் ஐசே படத்தை!" என்றார். சட்டியை மறுபடி ஏற்றச் சொல்லி, பக்கத்தில் தானும் நின்று படம் எடுப்பித்து, கடைசிப் படிவத்தில் கையெழுத்தும் வைத்தார். கலியாணத்துக்கு முதல் ஆளாக வருகிறாராம். ஓடர் தப்பியது. ஆகவே மேலே கேட்ட ஒன்றையும் நீர் செய்ய வேண்டாம்.

அந்தப் புளுகத்தில், சந்தோஷம் தாங்காமல் மாமியிடம், "இப்பவாவது கதையுமன்" என்றேன். கதைத்தா.

"ஓடருக்காகவோ நான் கதைக்காமல் இருந்தனான்? அந்தப் படத்தில என்ரை முகமெல்லாம் பணியார மா. கனடாவில இருந்து தங்கச்சி போன் எடுத்து, அக்கா உனக்குச் சுகமில்லையோ எண்டு கேக்கிறாள். நாப்பது பேரிட்டைக் கையெழுத்து வாங்கினியள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியளோ?"

புதுப் படம் போட்டு அரை மணித்தியாலம் ஆகிறது, மருமகன். அதிலும் சண்முகநாதனுக்குப் பின்னால், அதே மா முகத்தோடு மாமி. நாற்பத்தோராவது படிவத்தைக் கையால் எழுதிக்கொண்டு குசினி வாசலில் நிற்கிறேன். சட்டம் கிடக்கட்டும், உள்ளே போய் என்ன சொல்லித் தொடங்குவதென்று மட்டும் உடனே எழுதும்.